லயத்து வாசல் வரை

1850களில் ஐரோப்பாவிலிருந்து வரும் அஞ்சல் கப்பல் காலித் துறைமுகத்தில் நங்கூரம் போட்டதும், அங்கே காத்திருந்த ஆள் முக்கியமான செய்திகளை மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதுவார். அந்தத் தாளைப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவார். நூறு கிலோமீட்டருக்கு மேல் பறந்து புறா கொழும்பில் தன் கூட்டுக்கு வந்து சேரும். கூடு வைத்திருந்தவர்கள் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகைக்காரர்கள். கிரிமியப் போர்ச் செய்திகள் கொழும்பை எட்டியதும் இப்படித்தான். குதிரை வண்டி காலியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் வருவதற்குள் கொழும்பு வணிகர்களின் கையில் செய்தி இருக்கும்.

அப்போது இலங்கை கோப்பி நாடு. மலைக்காடுகளை வெட்டிக் கோப்பி நட்டிருந்த முதலாளிகளுக்கு லண்டனில் என்ன விலை என்று ஒரு நாள் முன்கூட்டித் தெரிந்தால் அதுவே இலாபம். 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டதும் புறாக்களின் வேலை முடிந்தது. இலங்கையின் முதல் தந்தித் தடம் அதுதான்.

தந்தியின் அடிப்படை மிக எளியது. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் ஓடும்போது பக்கத்திலிருக்கும் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அப்படியானால் இங்கே மின்கலத்தை இணைத்துத் துண்டித்தால், கம்பி போகும் தூரம் வரைக்கும் அங்கே ஏதோ ஒன்று அசையும். மீதியெல்லாம் அந்த அசைவை எப்படிப் படிப்பது என்ற கேள்விதான். 1837இல் இங்கிலாந்தில் குக்கும் வீட்ஸ்டனும் ஊசிகளை எழுத்துகளின் பக்கம் திருப்பினார்கள். 1844இல் அமெரிக்காவில் மோர்ஸ், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே குறுந்தட்டு, நெடுந்தட்டு என இரண்டே குறிகளால் எழுத்துகளை அனுப்பிக் காட்டினார். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீடு, அரிதாக வரும் எழுத்துக்கு நீண்ட குறியீடு. இன்றைய கணினிகள் தரவைச் சுருக்குவதன் பின்னாலும் இதே எண்ணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: அந்தக் குறியீடு ரோமன் எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. தமிழன் தந்தி அடிக்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், அல்லது தன் மொழியை ஆங்கில எழுத்துக்குள் நுழைக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தப் பணியைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்ற மருத்துவர். 1839இல் கல்கத்தாவில் தானே கம்பி கட்டிச் சோதித்துப் பார்த்தார். 1851இல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குத் தடம் போட்டார். சில ஆண்டுகளில் ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் இணைந்தன. 1855இல் பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டது. ஐரோப்பாவில் போட்ட மெல்லிய கம்பி இங்கே நிற்காது என்று அவர் கண்டுகொண்டார். குரங்கு தொங்கும், பறவைக் கூட்டம் அமரும், புயல் அடிக்கும். அதனால் தடித்த இரும்புக் கம்பியை எடுத்தார். மரக் கம்பத்தைக் கறையான் தின்றதால் தென்னிந்தியாவின் சில தடங்களில் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. வெள்ளைக்காரர் கொண்டுவந்த அறிவியல் இந்த மண்ணின் மழைக்கும் பூச்சிக்கும் பணிந்துதான் வேலை செய்ய முடிந்தது.

மழைதான் தந்திக்குப் பெரிய பகை. கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் கிண்ணம் நனைந்தால் அதன் மேற்பரப்பு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் நிலத்துக்குக் கசியும். ஒரு கம்பத்தில் கசிவது அற்பம். ஆனால் நூற்றுக்கணக்கான கம்பங்களில் கசிந்தால் மறுமுனைக்கு எதுவும் மிஞ்சாது. தென்மேற்குப் பருவமழையை நேராக நெஞ்சில் வாங்கும் இலங்கையின் மஸ்கெலியாப் பக்கத்து மலைகளில் கம்பி இழுப்பதென்றால் என்ன பாடு என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

காலித் தடம் போட்ட அதே 1858இல் மன்னார்க் கடலுக்கு அடியிலும் கம்பி இறங்கியது. இலங்கை இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு அடியிலும் முதல் கம்பி போடப்பட்டது. விக்டோரியா அரசி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்துப் போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்தது. மூன்று வாரத்தில் அந்தக் கம்பி செத்தேபோயிற்று.

கடலுக்கடியில் போகும் கம்பியின் நடுவில் செம்பு இருக்கும். அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் உறை, அதற்கு வெளியே கடல்நீர். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருள் இருந்தால் அது மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு முனையில் 'டக்' என்று தட்டிய துடிப்பு, ஆற்றில் ஊற்றிய சாயம் போகப் போகக் கரைந்து பரவுவதைப் போலப் பரவி, மறுமுனையில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் ஓர் அலையாக வந்து சேரும். முதல் தட்டு அடங்குமுன் அடுத்ததைத் தட்டினால் இரண்டும் கலந்துவிடும். இந்தத் தாமதம் கம்பியின் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று வில்லியம் தாம்சன் 1850களின் நடுவிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் அவரே. நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்கு. மன்னார்க் கடலின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். அட்லாண்டிக் கம்பி 3,000 கிலோமீட்டரைத் தாண்டியது, அதாவது நூறு மடங்கு நீளம். ஒரே வகைக் கம்பியாக இருந்தால் தாமதம் பத்தாயிரம் மடங்கு. பொறுப்பில் இருந்த வைட்ஹவுஸ் இதை நம்பாமல் 2,000 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தார். காப்புறை தாங்கவில்லை. தாம்சனின் வழி வேறு: மின்சாரத்தைக் கூட்டாமல், மறுமுனையில் மிகச் சிறிய அசைவையும் காட்டும் கண்ணாடிக் கருவியைச் செய்தார். 1866இல் வெற்றி பெற்ற கம்பி அவர் வழியில் வந்தது.

அந்தக் கட்டாபெர்ச்சா மலாயாக் காடுகளின் மரத்திலிருந்து வந்தது. பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். உலகக் கடல்களுக்கு அடியில் கம்பி நீள நீள அந்தக் காடுகள் குறைந்தன. இலங்கையின் மலைகளைக் கோப்பிக்காக மொட்டையடித்த அதே காலம், அதே பேரரசு.

மன்னார்க் கடலில் கம்பி இறங்கியபோது அதற்கு மேலே தோணிகளில் தமிழ்நாட்டுக் கூலிகள் இலங்கைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கரையிறங்கியதும் வன்னிக் காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே வீழ்த்தின. செய்தி கண்ணிமைப்பில் கடந்த கடலையும் அதற்கப்பால் கிடந்த காட்டையும் கடந்து மலையேற மனிதருக்குப் பல நாள் ஆயிற்று. அவர்களில் ஒருவர் வழியில் இறந்தால் ஊரில் இருந்த தாய்க்குத் தந்தி போகவில்லை. தந்தியின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இரண்டு வேகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

1870இல் லண்டனிலிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கடற்கம்பி வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டில் சென்னையிலிருந்து பினாங், சிங்கப்பூர். 1872இல் ஆஸ்திரேலியா. கோப்பி விலை இனி வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கோப்பிக்கு முடிவும் அப்போதே தொடங்கிவிட்டது. 1869இல் இலைத்துரு நோய் இலங்கைத் தோட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. 1867இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. மிஞ்சிங் லேன் என்ற லண்டன் தெருவில் ஏலம் முடிந்த விலை, கடற்கம்பி வழியே அன்றன்றே கிழக்கே வந்தது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் வணிகர்கள் குறியீட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டார்கள். 1873இல் வந்த 'ஏபிசி' புத்தகம் அப்படிப்பட்டது. ஒரே ஒரு சொல்லுக்குள் ஒரு முழு வாக்கியத்தைப் புதைத்து அனுப்பலாம்.

கோச்சி வண்டி 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்தது. ரயில் பாதை வந்த இடமெல்லாம் அதன் பக்கத்திலேயே தந்திக் கம்பியும் வந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்து மோதாமல் இருக்க, நிலையங்கள் ஒன்றோடொன்று பேசியே ஆக வேண்டும்.

அந்தப் பேச்சின் ஒரு வடிவத்தை மலைநாட்டுப் பாதையில் போகிறவர்கள் கண்ணால் பார்க்கலாம். நிலையத்துக்குள் வண்டி நுழையும்போது பெரிய வளையம் ஒன்று சாரதியின் கையிலிருந்து நிலைய ஆளின் கைக்கு மாறும். வேறொன்று சாரதிக்குக் கிடைக்கும். வளையத்தோடு இருக்கும் பையில் 'டேப்லட்' என்ற உலோக வில்லை இருக்கும். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் தலா ஒரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. ஒரு பெட்டியிலிருந்து வில்லையை எடுக்க வேண்டுமென்றால் மறு நிலையத்தார் மணி ஒலிகளால் சம்மதம் சொல்லி, தம் பெட்டியில் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒரு வில்லை வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும் வரை இன்னொன்று வராது. வில்லை இல்லாத சாரதி பாதையில் இறங்க முடியாது. இங்கிலாந்தில் 1874இல் தோர்ப் என்ற ஊரில் தவறான தந்தி உத்தரவால் இரண்டு வண்டிகள் மோதிப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் 1878இல் செய்த கருவி இது. ஒரு செய்தியைத் தவறாகப் படிக்க மனிதனால் முடியும், பூட்டால் முடியாது என்பது அவர் எண்ணம். தந்தியிலிருந்து பிறந்த கருவிகளில் மனித உயிரை இவ்வளவு நேரடியாகக் காத்தது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

ரயில் வந்த ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். சிவனொளிபாத மலையின் அடிவாரம். மேலே 2,243 மீட்டரில் பாதம், கீழே தேயிலை. உண்டுவப் போயாவில் தொடங்கி வெசாக் வரை யாத்திரைக் கூட்டத்தில் பெரும் பகுதி இந்த வழியாகப் படி ஏறும்.

லண்டனில் தட்டிய செய்தி தபால் கந்தோர் வரை மின்சாரத்தில் வந்துவிடும். அங்கிருந்து தோட்டத்துக்கு மனிதக் கால்கள். ஒவ்வொரு தோட்டமும் ஒரு தொழிலாளியைத் தபால்காரராக வைத்திருந்தது. கந்தோருக்கு நடந்துபோய்ப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மழையிலும் பனியிலும் திரும்பி நடப்பார். பை தோட்டத் துரையின் ஒபிஸில் திறக்கப்படும். துரையின் கடிதம் பங்களாவுக்குப் போகும். தொழிலாளிக்கு ஊரிலிருந்து வந்த கடுதாசியோ தந்தியோ கிளாக்கர் ஐயாவின் கை வழியே, கணக்கப்பிள்ளையின் வாய் வழியே தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு இறங்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைச் செய்தி சில மணி நேரத்தில் தாண்டிவிட்டு, கடைசி ஐந்து மைலில் ஒரு நாள் தூங்கும். அந்தக் கடைசி மைல் யாருடைய கையில் இருந்ததோ, அவர் கையில்தான் தந்தியின் வேகமும் இருந்தது.

தோட்டத்துக்குள் வேறொரு தொலைத்தொடர்பு இருந்தது. விடியுமுன் தப்பு அடிப்பார்கள், சில தோட்டங்களில் கொம்பு ஊதுவார்கள். மலை மடிப்புகளுக்குள் சிதறிக்கிடக்கும் லயங்களெல்லாம் விழித்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கூடும். தப்பின் தாழ்ந்த ஒலி மலையை வளைத்துக்கொண்டு போகும், உயர்ந்த ஒலியைவிடத் தேயாமல் போகும். சாவுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி. யார் செத்தார் என்பது வரை சொல்லாவிட்டாலும், வேலைக்கு வா என்கிறதா, துக்கத்துக்கு வா என்கிறதா என்று குழந்தைக்கும் தெரியும். எழுத்தறிவு வேண்டாத, காசு வேண்டாத செய்தி அது.

ஆளைக் கொண்டுவரும் வழியிலும் முகவரி ஒன்று இருந்தது. 1901இல் தோட்டக்காரர்கள் தகரச் சில்லு முறையைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண். எண் பொறித்த சில்லை அணிந்தவரை வழியில் உள்ள அதிகாரிகள் பார்த்து, எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் என்று அறிந்து அனுப்பி வைப்பார்கள். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மலை உச்சித் தோட்டம் வரை மனிதரைத் தொலையாமல் கொண்டுசேர்க்க இவ்வளவு கச்சிதமான முகவரி முறை தயாரானது.

வெளியிலிருந்து லயத்துக்கு யாருடைய கையும் படாமல் நேராக வந்த முதல் தொலைத்தொடர்பு வானொலி. அதுவும் தந்திக் கந்தோரிலிருந்தே பிறந்தது. இலங்கைத் தந்தித் துறையின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சிறிய அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியின் பாகங்களால் அந்த ஒலிபரப்பி கட்டப்பட்டது. 1925 டிசம்பர் 16இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் படையினருக்காக அமைந்த வலுவான ஒலிபரப்பிகள் போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தன. அதன் தமிழ்ச் சேவை பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கேட்டது. கடலின் இரு பக்கத்திலும் பிரிந்திருந்த உறவினர்கள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டார்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்டங்களில் இருந்தவர்களில் பலரை மறுபடி கடல் கடக்க வைத்தது.

மத்திய அலை வானொலி நிலத்தை ஒட்டி வளைந்து பரவும், இரவில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பயன்படுத்தும் மிகக் குறுகிய அலைகள் அப்படி இல்லை. அவை ஏறக்குறைய ஒளியைப் போல நேர்கோட்டில் போகின்றன. எதிரே மலை நின்றால் நின்றுவிடுகின்றன.

மலை உச்சியில் நின்றால் நிலைமை வேறு. 1344இல் சிவனொளிபாத மலையின் பாதத்தை வந்து வணங்கிய பயணி இபின் பதூதா, ஒன்பது நாள் கடற்பயணத் தூரத்திலிருந்தே மலையைப் புகைத்தூண் போலப் பார்த்ததாக எழுதினார். கணக்கு அவ்வளவு தாராளம் காட்டாது. h மீட்டர் உயரத்திலிருந்து தெரியும் அடிவானத்தின் தூரம், h இன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் கிடைக்கும். 2,243 மீட்டருக்கு அது சுமார் 169 கிலோமீட்டர். பிதுருதலாகலை மலையின் 2,524 மீட்டருக்கு 179 கிலோமீட்டர். அதனால்தான் 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி தன் முதன்மைக் கோபுரத்தை அந்த உச்சியில் நட்டது. வளிமண்டலம் அலையைக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்த நாட்களில் தென்தமிழகத்துக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். உச்சிக்கு இவ்வளவு தூரம் எட்டுகிறது. உச்சியின் காலடியில், பள்ளத்தில், மலையின் மறைவில் இருக்கும் லயத்துக்கு அதே இயற்பியல் நேர்மாறாக வேலை செய்கிறது. அங்கே கோபுரம் தெரியாவிட்டால் அலையும் தெரியாது. தீர்வு, பள்ளத்தாக்கு ஒவ்வொன்றுக்கும் சிறு கோபுரம் நடுவது. ஆள் குறைவு, வருமானம் குறைவு என்று நிறுவனங்கள் கடைசியாக வந்து சேரும் இடமும் அதுவே.

தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில் தொடங்கியது. இருந்தும் 2021இல், கொரோனாக் காலத்து இணைய வகுப்புக்காக, ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து சமிக்ஞை கிடைக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்து படித்தார்கள். 2013 ஜூலையில் இந்தியா தன் தந்திச் சேவையை மூடியபோது இனி அதற்கு அவசியமில்லை என்றார்கள். தந்திக்கு அவசியமில்லைதான். கடைசி மைல் என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது.

மலைநாட்டில் அதற்கு மிகப் பழைய வடிவம் ஒன்று இன்றும் உண்டு. பல தோட்டங்களில் லயத்து அறையான காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கடிதம் தோட்டத்துக்கு வருகிறது, வீட்டுக்கு வருவதில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் தேர்வு முடிந்தபின் கைக்குக் கிடைக்கிறது. வங்கி அறிவித்தலும் நீதிமன்ற அழைப்பும் யாருடைய மேசையிலோ கிடக்கின்றன. 1901இல் ஒவ்வொரு தொழிலாளியையும் எண்ணிட்டு மலைக்குக் கொண்டுவரத் தெரிந்தது. 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பேரப்பிள்ளை வாழும் வாசலுக்கு ஒரு எண் போடத் தெரியவில்லை என்பது அநியாயம்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக நீண்ட காலம் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டுவிட்டது. எனவே சட்டத்தைச் சாட்டிச் சும்மா இருக்க இனி வழியில்லை. லயத்துப் பாதைக்கு ஒரு பெயர், காம்பராவுக்கு ஓர் இலக்கம், பையைத் துரையின் ஒபிஸில் இறக்காமல் வாசல் வரை கொண்டுவரும் அஞ்சல் திணைக்களத்துத் தபால்காரர்: இந்த மூன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மஸ்கெலியாப் பக்கத்துப் பிரதேச சபைகளும் அஞ்சல் திணைக்களமும் சேர்ந்து உட்கார்ந்து நல்லதண்ணியிலிருந்தே இதைத் தொடங்கட்டும்.